ஏழாவது கதவு

என் மரப்பட்டறையில் கதவு விளிம்பைச் செதுக்கும் ரூட்டர் மெஷினைப் பிடிப்பவர் மேஸ்திரி ஒருவர்தான். பதினெட்டு வருஷமாக அவர் கைபட்ட மரத்தில் ஒரு கருகல் விழுந்ததில்லை. இந்த வாரம் மட்டும் ஐந்து கதவுகள் விளிம்பில் கருகிவிட்டன.

"என்ன மேஸ்திரி இது?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பிட்டு மழுங்கிடுச்சும்மா" என்றார்.

மெஷினில் மாட்டும் அந்த வெட்டலகைப் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். ஆறாவது கதவும் கருகியது.

"இப்ப என்ன சாக்கு?"

"மரத்துல பிசின் ஜாஸ்திம்மா."

"கை ஒரே இடத்துல நின்னா கருகும், மெஷின் சத்தம் மாறினதும் நகர்த்திடணும்னு நீங்கதானே சொல்வீங்க? அதனாலதான் அன்னைக்கு நீங்க காதுமூடி கேட்டப்பகூட நான் வேண்டாம்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏழாவது கதவும் கருகியபோது என் பொறுமை போய்விட்டது. நான் போனபோது மெஷினை நிறுத்திவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உப்புத்தாளால் கருகலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம். வேற ஆள் பார்த்துட்டேன்."

அவர் திரும்பவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களைத்தான் சொல்றேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாதான் போவீங்களா?"

பட்டறையில் வேறு சத்தமே இல்லை. உப்புத்தாள் மட்டும் நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

தூளை ஊதிவிட்டுத் தற்செயலாகத் திரும்பியவர், என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"எப்பம்மா வந்தீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.