ஆமாங்க ஐயா

வார்டு ஜன்னல் பலகைகளின் இடுக்கில் காலை வெயில் கோடுகோடாக விழுகிறது. அடுத்த கட்டிலில் சிரிலோ விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். சர்க்கரை வியாதியில் அவன் இடது கால் விரல்கள் கருத்துப்போயிருக்கின்றன. எதிரே ஹாலந்திலிருந்து வந்த டாக்டர். வெள்ளைக்கோட்டு போட்டவனை நான் நம்புவதில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டச்சில் ஏதோ கேட்டபடி, சிரிலோவின் முழங்காலில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார். "ஆமாங்க ஐயா" என்கிறான் இவன், டச்சில். இன்னொன்று கேட்கிறார். "ஆமாங்க ஐயா." டச்சுக்காரன் ஆண்ட எங்கள் குரசாவ் தீவில் பள்ளிக்கூடம் எங்களுக்குக் கொடுத்த டச்சு அவ்வளவுதான். வீட்டுப் பேச்சான பாப்பியாமெந்து வாயில் வந்தால் பிரம்படி விழும். ஆமாம் போட்டால் விழாது. டாக்டர் காகிதத்தை நீட்டுகிறார். இவன் பேனாவை வாங்குகிறான். "டேய் மடையா, எதுக்குடா கையெழுத்துன்னு கேளுடா!" என்கிறேன். "சும்மா இருடா, பெரிய மனுசன் பேசுறாரு." போர்வை மாற்ற வந்த நர்ஸ் ரைசா காகிதத்தை எட்டிப் பார்க்கிறாள். எங்கள் பாப்பியாமெந்துவில் கேட்கிறாள்: "சிரிலோ மாமா, நாளைக்கு முழங்காலோட வெட்டி எடுக்கணுங்கிறாரு. சம்மதமா?" பேனா நிற்கிறது. கடற்காற்றில் ஜன்னல் பலகை படபடக்கிறது. "யாரு காலை?" "உங்க காலைத்தான்." சிரிலோ குனிந்து, கட்டிலடியில் ஜோடியாகக் கிடக்கும் செருப்பைப் பார்க்கிறான். பேனாவை மூடுகிறான். பிறகு டாக்டரின் முகத்துக்கு நேராக, பாப்பியாமெந்துவிலேயே சொல்கிறான்: "மாட்டேன். முதல்ல உட்காருங்க. எனக்குப் புரியுற பேச்சுல சொல்லுங்க." ரைசா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். ஒரு சொல்லும் புரியாத டாக்டர், எங்களைப் போலவே, தலையாட்டுகிறார்.