மொட்டைமாடிச் சிக்னல்

செல்போன் மைசூருக்குப் புதுசாக வந்திருந்த காலம். வீடு கட்டிக்கொண்டிருந்த நரசிம்மமூர்த்தி, செங்கல் கனத்தில் ஒன்று வாங்கி, அதைக் கொத்தனார் தேவநேசனிடம் கொடுத்துவைத்திருந்தார். அன்று காலை அது கை நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டது.

ஓனருக்குத் தெரிந்தால், தேவநேசனை அவன் சொந்த ஊரான கௌதள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"போன் கொடப்பா, மச்சான்கிட்ட சிமென்ட் கேக்கணும்" என்று மொட்டைமாடிக்கு வந்தார் ஓனர்.

"இப்பவேங்களா சார்? வெயில் தாழட்டுமுங்க."

"போனுக்கு என்னப்பா வெயிலு, மழை? கொடு சும்மா!"

துண்டால் இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்துவிட்டு, தேவநேசன் கண்ணை மூடி ஏசப்பாவைக் கூப்பிட்டான். ஓனர் சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி நின்றார். அப்படி நின்றால்தான் சிக்னல் வரும் என்பது அவர் நம்பிக்கை. பட்டன்களை அமுக்கினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஹலோ! ஹரிப்ரசாத்!"

"சொல்லுங்க பாவா!"

தேவநேசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்த போன் பேசுகிறது!

"சிமென்ட் இருக்காப்பா?"

"இருக்கு பாவா! ஆளை அனுப்புங்க!"

ஓனர் பூரித்துப்போனார். "கேட்டியா தேவநேசா? பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு. செல்போன்னா இது செல்போன்!"

ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தலைநிமிர்ந்த தேவநேசனின் பார்வை, அடுத்த தெரு மொட்டைமாடியில் போய் நின்றது. ஹரிப்ரசாத்தும் மலையைப் பார்த்து நின்று, தன் செல்போனுக்குள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சித்தாள் ஷெர்லி, அந்தப் போனின் பேட்டரியை முந்தானையால் துடைத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.