மணற்காட்டுக்கு வந்த மெசின்

"அண்ணை, வாயைப் பிளந்துகொண்டு நிண்டது காணும். மெசினை இறக்குங்கோ!"

லூர்த்தம்மா போட்ட சத்தத்தில்தான் அருளம்பலத்துக்குச் சுயநினைவு வந்தது. கரவெட்டியிலிருந்து வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதித்து மணற்காட்டுக் கடற்கரைக்கு வந்தவர், வந்த வேலையை மறந்து அப்படியே நின்றுவிட்டார். சைக்கிள் கரியரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினும் சுருட்டிய பைப்பும் கட்டியிருந்தன. ஹாண்டிலில் இரண்டு வெறும் பிளாஸ்ரிக் கான்கள் தொங்கின. சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றும் பாரோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

அவருக்கு முன்னால் திமிங்கிலம் கிடந்தது.

பஸ் நீளம் இருக்கும். கறுத்த முதுகில் வெயில் பட்டுத் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. சுற்றிவர நின்ற சனம் வாளி வாளியாகக் கடல்நீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் தலையிலிருந்து 'புஸ்' என்று ஒரு மூச்சுக் கிளம்பி, அருளம்பலத்தின் முகமெல்லாம் ஈரமாகியது.

"முருகா!" என்று அவர் கைகளைக் கூப்பினார்.

"இதுக்கே கும்பிட்டால் எப்பிடி? இது குட்டி அண்ணை," என்றான் லூர்த்தம்மாவின் புருசன் கிறகோரி.

"குட்டியோ!"

"ஓம். தாய் அந்தா நிக்குது, பாருங்கோ."

தூரத்தில், நீலம் கறுக்கிற இடத்தில், பனைமர உயரத்துக்குத் தண்ணீர் சீறி எழுந்து மெல்லக் கலைந்தது. அருளம்பலம் பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பவர். ஆனால் கடலுக்குள் இப்படியொரு உயிர் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மயிர்க்கால்களெல்லாம் குத்திட்டு நின்றன.

"சண்டையாலை வள்ளம் இறக்கத் தடை. இல்லாட்டி எப்பவோ கயிறு போட்டு இழுத்திருப்பம்," என்றான் கிறகோரி. "பின்னேரம் கடல் பெருகும். அதுவரைக்கும் நனைச்சுக்கொண்டிருந்தால் தள்ளிவிடலாம். எங்கடை சனத்துக்கும் அள்ளி அள்ளிக் கை ஓய்ஞ்சுபோச்சு."

"அதுதான் எங்கடை கோயில் அந்தோனியார் உங்களை மெசினோடை அனுப்பியிருக்கிறார்!" என்றாள் லூர்த்தம்மா.

அருளம்பலம் பாரில் கட்டியிருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "மண்ணெண்ணெய் ஒரு போத்தல்தான் கிடக்கு, தங்கச்சி. நாளைக்கு விடிய வெங்காயத்துக்கு இறைக்கோணும். இறைக்காட்டி முழுத் தோட்டமும் கருகிப்போம்," என்றார்.

மண்ணெண்ணெய் தங்கமாகிப்போன காலம். நாள் முழுக்க வரிசையில் நின்றுவிட்டு வெறும் போத்தலோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான் அங்கே நின்ற எல்லோரும். ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. லூர்த்தம்மா மறுபடியும் வாளியைத் தூக்கினாள்.

அருளம்பலம் சைக்கிளைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்துத் திமிங்கிலம் கண்ணைத் திறந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்குச் சின்னக் கண்தான். அது அவரையே பார்த்தது. எங்கே நகர்ந்து நின்றாலும் அவரையே பார்த்தது.

"கிறகோரி, பைப்பைக் கடலுக்குள்ளை இழு," என்றார் சட்டையைக் கழற்றியபடி.

"உப்புத்தண்ணி மெசினைத் திண்டுபோடும் அண்ணை!"

"திண்டால் தின்னட்டும்."

மெசினைக் கிளப்பவென்று குழந்தை பால் குடிக்கும் சூப்பிப் போத்தலில் வைத்திருந்த நாலு சொட்டுப் பெற்றோலை விட்டுக் கயிற்றைச் சுண்டினார். மெசின் இருமி, புகைத்து, பிடித்துக்கொண்டது. பைப்பிலிருந்து பாய்ந்த நீர் கறுத்த முதுகில் விழுந்து பளபளத்து ஓட, திமிங்கிலம் வாலை ஒருமுறை அடித்தது. நின்ற சனமெல்லாம் சின்னப்பிள்ளைகள் போலக் கத்தினார்கள்.

வெயில் சாயச் சாயக் கடல் ஏறியது. போத்தலில் மண்ணெண்ணெய் இறங்கியது. கடைசிச் சொட்டும் முடிந்து மெசின் நின்றபோது, அலை திமிங்கிலத்தின் வயிற்றுக்குக் கீழே புகுந்திருந்தது.

"தள்ளுங்கோ!"

அருளம்பலமும் இடுப்பளவு நீரில் நின்று தோள் கொடுத்தார். அந்த உடம்புக்குள்ளே ஏதோ 'திம் திம்' என்று இடிப்பது அவரது தோளில் கேட்டது. அடுத்த பெரிய அலையோடு தோளில் இருந்த பாரம் இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் பெரிய ஊற்று எழுந்தது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அருளம்பலத்துக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவுமில்லை.

"ஒரு உயிரைக் காப்பாத்த இவ்வளவு தூரம் மெசினைச் சுமந்து வந்திருக்கிறியளே, என்ன மனம் அண்ணை உங்களுக்கு!" என்று லூர்த்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மெசினைத் திரும்பக் கட்டிச் சைக்கிளில் ஏறினார்.

வீட்டு முற்றத்தில் மனைவி செல்வநாயகி பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, விறகும் அடுக்கி வைத்துக் காத்திருந்தாள். சைக்கிளைக் கண்டதும் ஓடிவந்து கான்களைத் தட்டிப் பார்த்தாள். இரண்டும் வெறுமை. சாக்கை அவிழ்த்தாள். தீட்டிய பெரிய கத்தி தீட்டியபடியே இருந்தது.

"என்னப்பா இது? கொழுப்பை வெட்டி, அங்கையே கொஞ்சத்தை உருக்கி, அந்த எண்ணெயிலை மெசின் ஓடுதோ எண்டு பாத்திட்டு மிச்சத்தைக் கொண்டுவாறன் எண்டெல்லோ போனனீங்கள்! இப்ப வெங்காயத்துக்கு என்ன செய்யிறது?"

"ரெண்டு பேருமா வாளியாலை அள்ளி ஊத்துவம்," என்றார் அருளம்பலம், முகத்தில் காய்ந்திருந்த உப்பைத் தடவியபடி. "செத்துக் கரையொதுங்கிக் கிடக்கெண்டுதானே எனக்குச் சொன்னவங்கள்... அது மூச்சு விட்டுதப்பா."