கெட்ட பழக்கம் இல்லாத பையன்

"சிகரெட்?"

"இல்ல மாமா."

"பீர், கீர்?"

"வாசனையே ஆகாது மாமா."

சாய்வு நாற்காலியில் இருந்த கிருஷ்ணசாமி, நிர்மலை மேலும் கீழும் பார்த்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டின் மாடி அறைக்கு ஒரு வருடமாக நல்ல பையன் தேடிக்கொண்டிருந்தார்.

"போதை கீதைன்னு எதுவும் படியேறப்படாது. இது கௌரவமான குடும்பம்."

நிர்மலுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

பவானிபூரில் கல்லூரித் தோழர்கள் பாபு, ராம்கியோடு தங்கியிருந்தான். சனிக்கிழமை தவறாமல் கிளாஸை நீட்டுவார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன் என்றான். எந்த வியாதிக்கு என்றார்கள். விரதம் என்றான், எந்தச் சாமிக்கு என்றார்கள். நவராத்திரி வருவதற்குள் சாமிகள் தீர்ந்துவிட்டார்கள்.

நேற்று பாபு முடிவாகச் சொல்லிவிட்டான். "எல்லாரும் குடிக்கிறப்ப நீ மட்டும் மிக்சர் தின்னுட்டு உக்காந்திருந்தா, மப்டி போலீஸ் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்குடா. ஒண்ணு கிளாஸை எடு, இல்ல பெட்டியை எடு."

பெட்டியை எடுத்தான். அது இப்போது வாசலில் நின்றது. இந்த அறையும் கிடைக்காவிட்டால் ஹவுரா ஸ்டேஷன், ரயில், ஊர். படிப்பு அவ்வளவுதான்.

"மொத்த காலேஜுமா இப்படி?" என்றார், கதையைக் கேட்ட கிருஷ்ணசாமி.

"குடிக்கலைன்னா மனுஷனாவே மதிக்க மாட்டேங்கிறாங்க மாமா. வெறுத்துப் போச்சு."

"கலிகாலம்" என்றார் கிருஷ்ணசாமி. பிறகு, சுழலும் மின்விசிறியைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார்.

தெருவில் மேளம் அதிர்ந்தது. துர்க்கையைக் கரைக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணசாமியின் மனைவி அனந்தலக்ஷ்மி வெள்ளி டம்ளரோடு வந்தாள். பால், பாதாம், லேசான பச்சை நிறம்.

"விஜயதசமியும் அதுவுமா வந்திருக்கே, வேண்டாங்கப்படாது. தாத்தா காலத்துலேர்ந்து கல்கத்தாவாசி நாங்க. இந்த ஊர் வழக்கம்தான் எங்காத்து வழக்கம்."

"பிஸ்தாவா மாமி?"

"எல்லாம்தான் போட்டிருக்கேன், குடி."

மரியாதைக்காக ஒரே மூச்சில் குடித்தான். இனித்தது. மாமி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. கணவரிடம் திரும்பி, "சாவியைக் குடுங்கோ. நல்ல பையன்" என்றாள்.

நிர்மல் அறையைப் பெருக்கி, துணிமணிகளை அடுக்கிவிட்டுக் கீழே இறங்கினான். ஏறும்போது இருந்ததைவிடப் படிகள் அதிகமாக இருந்தன. எதற்கென்று தெரியாமல் சிரிப்பு சிரிப்பாக வந்தது. நிம்மதி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இவ்வளவு நல்ல ரூமை முன்னாடி இருந்தவன் ஏன் மாமி காலி பண்ணான்?"

மாமி முகத்தைச் சுளித்தாள்.

"நாங்கதான் அனுப்பிச்சுட்டோம். போன தசமிக்கு இதே மாதிரி ஆசை ஆசையா கஞ்சா இலையைப் போட்டு பாங் அரைச்சு, பால்ல கலந்து குடுத்தேன், குடிக்க மாட்டேன்னுட்டான்."