இருபத்திரண்டு மணி

“ராத்திரி ரெண்டு மணிக்குக் குளிர் அறையில உங்களுக்கு என்ன வேலை, மாப்பிள்ளை?”

கிடங்குக்காரர் சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டால்தான் எதிராளி உளறுவான் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளை உளறவில்லை, விழித்தார். திருடன் முழி இப்படித்தான் இருக்கும் என்று கிடங்குக்காரர் மனதில் போட்டுக்கொண்டார்.

பழக்கிடங்கின் குளிர் அறைக்குள் நாலு பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கிடங்குக்காரர், அவர் மகள், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளை, டேட்டா லாகர் விற்ற கம்பெனியின் மெக்கானிக். டேட்டா லாகர் என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அறைக்குள் எத்தனை டிகிரி என்று நாள் முழுக்கத் தானே பார்த்துத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். சம்பளம் கேட்காது, சொந்தம் கொண்டாடாது. அதனாலேயே கிடங்குக்காரருக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்ததிலிருந்து திராட்சை அழுகுகிறது. அதற்கு முன்னால் அழுகியதே இல்லை. கிடங்குக்காரருக்கு இந்தச் சாட்சி போதும். மகளுக்குப் போதாதே! அதனால் மாப்பிள்ளை வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம் மெக்கானிக்கை வரவழைத்து, பெட்டியை ஆப்பிள் அட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பத்து நாள் பொறுத்தார். இன்று காலை மகளையும் மாப்பிள்ளையையும் உள்ளே கூட்டிவந்து நிறுத்தி, பெட்டி பதிந்ததைப் படிக்கச் சொன்னார்.

மெக்கானிக் பொத்தானை அமுக்கி அமுக்கிப் படித்தான். எல்லா நாளும் இரண்டு டிகிரி. எல்லா நாளும் ராத்திரி இரண்டு மணிக்குக் கிடுகிடுவென்று பதினைந்து வரை ஏறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து இறங்குகிறது. யாரோ கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள் என்றான். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது என்று கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டான். மெஷின் விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

குளிர் வீணாகப் போகிறது, கதவைச் சாத்தலாமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றார் கிடங்குக்காரர். வெளியே எவன் நிற்கிறானோ, யார் கண்டது?

“ராத்திரியோட ராத்திரியா பழத்தை வெளிய கடத்துறீங்க. வேற என்ன? சாவியை வச்சிட்டு வேற வேலை பாத்துக்குங்க.”

“அப்பா, இவர் விடுற குறட்டையில நான் ராத்திரி தூங்குறதே இல்ல,” என்றாள் மகள். “ரெண்டு மணிக்கு இங்க வந்திருந்தார்னா நான் கொஞ்சம் கண்ணையாவது மூடியிருப்பேன்.”

கிடங்குக்காரர் அதை எடுபடவிடவில்லை. பெண்டாட்டி என்றால் புருஷனுக்காகப் பொய் சொல்லத்தான் செய்வாள், உன் அம்மா எனக்காகச் சொல்லாத பொய்யா என்றார்.

மாப்பிள்ளை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மாமனார் கையில் வைத்தார். மகள் அதையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். இவர் போனால் நானும் போவேன், இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றாள். கிடங்குக்காரர் சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

மெக்கானிக்குக்குக் கிளம்பும் அவசரம். பெட்டியை மறுபடி ஓடவிடுவதற்காக அதன் கடிகாரத்தைத் திரையில் கொண்டுவந்தான். கொண்டுவந்தவன் அப்படியே நின்றான்.

“ஐயா, இதுல மணி இருபத்திரண்டுன்னு காட்டுது.”

“இருபத்திரண்டு மணின்னு ஒரு மணி உண்டாடா? என் கடிகாரத்துல பன்னெண்டுக்கு மேல கிடையாது.”

இது நாளை இருபத்து நாலாக எண்ணும் என்று மெக்கானிக் விளக்கினான். இருபத்திரண்டு என்றால் ராத்திரி பத்து. இப்போதோ காலை பத்து. பொருத்திய அன்று கடிகாரத்தைச் சரிசெய்யத் தான் கை நீட்டியதும், பெரியவர் பிடுங்கிக்கொண்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஊரான் வைக்கிற மணியை எப்படி நம்புவது என்று, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் விரலாலேயே ஐந்து என்று வைத்தார் அவர். அவருக்கு அது சாயங்காலம் ஐந்து. பெட்டிக்கு விடியற்காலை ஐந்து.

“அப்போ அது ராத்திரி ரெண்டு இல்லீங்க. மத்தியானம் ரெண்டு.”

மகள் நிமிர்ந்தாள். “மத்தியானம் ரெண்டு மணிக்கு இவர் வீட்டுல என் எதிர்ல உக்காந்து சாப்பிடுவார். கிடங்கு பூட்டிக் கிடக்கும். இன்னொரு சாவி யார்கிட்டப்பா இருக்கு?”

கிடங்குக்காரர் ஆப்பிள் அட்டை மேல் ஒட்டியிருந்த சீட்டை ரொம்ப நேரம் படித்தார். அவருக்குப் படிக்க வராது.

மெக்கானிக் கையிலிருந்த பெட்டியில் டிகிரி ஏறிக்கொண்டிருந்தது. ஏழு, ஒன்பது, பதினொன்று. “தினமும் ஏறின மாதிரியேதான் இப்பவும் ஏறுது,” என்றான். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கதவு சாத்திக்கொள்ளாதபடி கீழே ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது.

மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து, அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர் கிடங்குக்காரர்தான். உள்ளே நிற்கும்போது எவனாவது வெளியே பூட்டிவிடுவான் என்று, எண்ணி முடிக்கும் வரை அந்தச் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தவரும் அவரேதான்.