திங்கட்கிழமை உளவியல்

தென்கொரியாவின் சியோல் நகரில் அந்த இன்டர்நெட் மையம் காலையிலேயே நிரம்பியிருந்தது. பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்கான பாடப்பதிவில் முந்துபவர்களுக்கே இடம்; அது திறந்த மாத்திரத்தில் செரினின் விரல்கள் பறந்தன. நினைத்த பாடமெல்லாம் கிடைத்தும் அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

பக்கத்து இளைஞன் தலையில் கைவைத்தான். "திங்கட்கிழமை உளவியல் போச்சே! உங்களுக்கு?"

"கிடைச்சிருச்சு."

"அது கையாங்க, மெஷினா? காலேஜ்ல பாத்தா நீங்கதான் காபி வாங்கித் தரணும்."

"ம்."

செல்போன் அடித்தது. குடும்பத்தோடு ஜெஜு தீவுக்குப் போயிருந்த தோழி நாக்யோங்.

"என்னடி ஆச்சு?"

"எல்லாமே கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமை உனக்கு வகுப்பே இல்ல."

"என் தங்கமே! நான் உக்காந்திருந்தா ஒண்ணுகூடத் தேறிருக்காது." நாக்யோங்கின் குரல் சற்றுத் தயங்கியது. "ஏய், உனக்கு இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

"இருக்கு. மதியம் கணக்கு டெஸ்ட்."

அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வுக்கு இருவரும் சேர்ந்துதான் படித்தார்கள். இடம் கிடைத்தது நாக்யோங்குக்கு மட்டும்.

செரின் தோழியின் பதிவுப் பக்கத்தை மூடிவிட்டு, நுழைவுத்தேர்வை மறுபடி எழுதுபவர்களுக்கான பயிற்சி மையத்தை நோக்கி நடந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். பசிதான் எடுத்தது.