சறுக்குமரத்தில் ஆறு படி

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கிருஷ்ணகிரி அணையைப் புதுசா கட்டி, பக்கத்துலேயே பூங்காவும் வெச்ச காலத்துக் கதை ஒண்ணு சொல்றேன். சின்னக் கதைதான், பாதியில எழுந்து போயிடாதீங்க.

“நஞ்சம்மா, முந்தானையை இழுத்துச் சொருகு. நாலு பேர் வர்ற இடம்.”

பூங்காவின் வாசலில் நுழையும்போதே மாமியார் கெம்பம்மா சொல்லிவிட்டாள். நஞ்சம்மா ஒரு கையால் முந்தானையைச் சொருகிக்கொண்டாள். மறு கையில் புளிச்சோற்றுத் தூக்கு. இடுப்பில் கொழுந்தன் முனிசாமி. மூன்று வயதுக்காரன், நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்து அண்ணியின் இடுப்பில் ஏறியவன் இறங்கவே இல்லை.

குருபரப்பள்ளியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். நஞ்சம்மாவின் புருஷன் மாதப்பனுக்குப் பெங்களூர் மில்லில் வேலை. தாலி கட்டிய மறுநாளே போனவனுக்கு நாலு மாதமாகியும் லீவு கிடைக்கவில்லை. ‘மருமக அடுப்பங்கரையிலேயே சுருண்டு கிடக்கிறாளே’ என்று கெம்பம்மாதான் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்தாள். மனசு கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

பூங்கா அத்தனை அழகு. மதகில் விழுந்த தண்ணீர் புகையாக எழும்பி, ரோஜாப் பாத்தி வரைக்கும் சாரலடித்தது. சிமெண்டு பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாகச் சனங்கள். ஒருபக்கம் கன்னடம், ஒருபக்கம் தெலுங்கு, நடுவில் நம்ம பேச்சு.

“அண்ணி, அங்க பாருங்க, ஜாருபண்டை” என்று கையைப் பிடித்து இழுத்தாள் எட்டு வயது நாத்தனார் சென்னம்மா.

வழவழவென்று தகரம் பதித்த உயரமான சறுக்குமரம். பிள்ளைகள் பின்பக்கப் படியில் ஏறுவதும், முன்பக்கம் வழுக்கிக்கொண்டு மணலில் விழுவதுமாக இருந்தார்கள்.

“பண்டைன்னா பாறைடி. இது வெறும் தகரம்” என்றாள் நஞ்சம்மா. “தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்ல நெசமான பாறையே இருக்குது. ஆவாரந்தழையை ஒடிச்சுப் போட்டு, அதுமேல உட்கார்ந்தா போதும். கண்ணைத் திறக்கறதுக்குள்ள கீழே கிடப்போம்.”

“நீங்களா? சறுக்கினீங்களா?” சென்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அதெல்லாம் ஒரு காலம்” என்று பெருமூச்சு விட்டாள் நஞ்சம்மா.

புங்க மரத்தடியில் இலை போட்டார்கள். நஞ்சம்மாதான் பரிமாறினாள்.

“சோத்தை இலையில போடு, மண்ணுல போடாதே. கண்ணு எங்க இருக்குது உனக்கு?”

“சறுக்குமரத்துலங்க, அத்தை.” மறைத்துப் பேச அவளுக்குத் தெரியவில்லை. “ஒரே ஒரு தடவை ஏறிட்டு வந்துடட்டுங்களா?”

கெம்பம்மாவுக்குப் புரையேறியது.

“நல்லாயிருக்குதுடி உன் ஆசை. கழுத்துல தாலி தொங்கற பொம்பளை அங்க போய் ஏறினா, பார்க்கிறவங்க என்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் சந்தைக்கு நான் மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டுத்தான் போகணும்.”

நஞ்சம்மா இலைகளை எடுத்துப் போட்டாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் கெம்பம்மா வெற்றிலையை மென்றபடியே பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

நஞ்சம்மா முனிசாமியைச் சென்னம்மாவிடம் விட்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். முதல் படியில் கால் வைத்தாள்.

வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. இரண்டு, மூன்று, நான்கு. மேலே இருந்து பார்த்தால் அணைத் தண்ணீர் முழுக்கத் தெரியும் போலிருந்தது. ஐந்து, ஆறு. இன்னும் மூன்றே படி.

“ஏம்மா, புடவைக்காரம்மா, இறங்குங்க. அது குழந்தைங்க ஆடறதுக்கு வெச்சது.”

வாட்ச்மேன் சவரியப்பன் தூரத்திலிருந்தே விசிலை ஊதிக்கொண்டு வந்தான். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். விசில் சத்தத்தில் கெம்பம்மாவும் விழித்துக்கொண்டாள்.

“இறங்குடி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஏறிய ஆறு படியையும் ஒவ்வொன்றாக இறங்கினாள் நஞ்சம்மா.

“கோவிச்சுக்காதீங்கம்மா, பெரியவங்க ஏறினா தகரம் தாங்காது” என்று சமாதானம் சொன்னான் சவரியப்பன்.

“சரிங்கண்ணா” என்றாள், தலையைத் தூக்காமலே.

சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். நஞ்சம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முனிசாமி அவள் மடியில் தூங்கிப்போனான். மரங்களுக்கு மேலாகச் சறுக்குமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அது மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கெம்பம்மா அதைக் கவனித்தாள். சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

கண்டக்டர் வந்தார்.

“குருபரப்பள்ளிக்கு ஒரு முழு டிக்கெட்டு, ரெண்டு அரை” என்றாள் கெம்பம்மா.

“மடியில இருக்கிற பையனுக்கு டிக்கெட்டு வேணாம்மா. இந்தச் சின்னப் பொண்ணுக்கு ஒரு அரை. இன்னொரு அரை யாருக்கு?”

கெம்பம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

“இவளுக்குத்தாம்பா. புடவையைப் பார்த்து முழு டிக்கெட்டுப் போட்டுடாதே, வர்ற தையிலதான் இவளுக்குப் பன்னண்டு முடியுது.”

நல்லா இருங்க கண்ணுங்களா. உங்க வீட்டுப் பொண்ணுங்க ஆடி ஆடிக் கால் ஓய்ஞ்ச பிறகு, அதுக்கு உண்டான வயசுல கழுத்துல மாலை போட்டுக்கட்டும். அதுவரைக்கும் உங்க வீடு அவங்க சத்தத்தால நிறைஞ்சே இருக்கட்டும்.